அவருக்கு மட்டும் வைத்த தண்ணீர்

"இந்த வீடு எனக்கு ஒத்துக்கல" என்று கணவர் சொன்னபோது பளிச்சக்கா அவருடைய டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

கோபத்தில் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு, அழுது, மூக்கைச் சிந்தி, சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகியிருக்கும். மனிதர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார்.

"துறைமுகத்து லாரிக்கு நிரந்தரமா ஆள் கேக்குறாங்க. அங்கயே தங்க ரூம் குடுத்துடுவாங்க. நாளைக்குக் காலைல பதில் சொல்றேன்னு முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன். போயிடலாம்னு பாக்குறேன்."

"போயிடலாம்னா, நாமளா?"

"நான் மட்டும். நீ உன் கடைய விட்டுட்டு எங்க வருவ? எப்பவாவது வந்து பாத்துட்டுப் போறேன்."

அதற்கு மேல் பேச அவருக்குத் தெம்பில்லை. நேற்று முழுக்க வயிற்றுப்போக்கு. கண் இரண்டும் குழிவிழுந்து கிடந்தது. லாரியைப் பழுது பார்க்க ஷெட்டில் விட்டிருந்தார். மெக்கானிக் காத்திருப்பார் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மெல்லப் படியிறங்கிப் போனார். பளிச்சக்கா டம்ளரும் துணியுமாக நின்றபடியே நின்றாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன், தான் வாழ்ந்த வீட்டைக் காலுக்குச் சேராத செருப்பைக் கழற்றிப் போடுவது போலப் போட்டுவிட்டுப் போக முடியுமா? முடியும்போலத்தான் இருந்தது.

பளிச்சக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வைத்தது. கண்ணாடி செய்து வந்ததும் வாடிக்கையாளர் கையில் கொடுப்பதற்கு முன்னால் துடைத்துக் கொடுப்பது அவள் வேலை. மற்றவர்கள் துடைத்தால் சுத்தமாக இருக்கும். அவள் துடைத்தால் கண்ணாடி இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். கடைக்குள் ஒருவர் நுழையும்போதே, அவர் போட்டிருக்கும் கண்ணாடியில் எந்தப் பக்கம் விரல் பட்டிருக்கிறது என்று கல்லாவிலிருந்தே சொல்லிவிடுவாள். யார் முகத்தையும் முதலில் பார்க்க மாட்டாள், கண்ணாடியைத்தான் பார்ப்பாள் என்று கடையில் கேலி பேசுவார்கள். அதில் அவளுக்குப் பெருமைதான்.

"அழுக்குன்னா என் கண்ணுக்குத் தப்பாது. என் கண்ணுக்குத் தெரியலன்னா அங்க அழுக்கே இல்ல" என்பாள். யாரும் மறுத்துப் பேசியதில்லை. மறுத்தால் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாளே என்ற பயம்தான்.

வீட்டிலும் இதே கதைதான். ஒரே மகள் கல்யாணமாகிப் போனபோது, தேய்த்துத் தேய்த்து எண் அழிந்துபோன சுவர்க் கடிகாரத்தை அம்மாவின் ஞாபகமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். லாரி ஓட்டுகிற கணவர் வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பதால், இப்போது வீட்டில் இருப்பது பளிச்சக்காவும், கணவரின் அக்காவும்தான். அந்த நாத்தனார் ஒரு தையல் மெஷினோடும் ஒரு மண்பானையோடும் வந்து சேர்ந்தவள். தலையணை உறை தைப்பாள். தாகம் எடுத்தால் தன் பானைத் தண்ணீரைக் குடிப்பாள். பானையை வெறும் நாரும் வெந்நீரும் போட்டுத்தான் கழுவுவாள். "மண்ணு சோப்பக் குடிச்சுடும், அப்புறம் நாம அதக் குடிக்கணும்" என்பாள். பளிச்சக்காவும் அந்தப் பானைத் தண்ணீரைத்தான் குடித்தாள், மனசில்லாமல். உள்ளே இருட்டாக இருக்கிற ஒரு பாத்திரம் சுத்தமா இல்லையா என்று எப்படித் தெரியும்?

கணவருக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வெயிலில் இன்ஜின் சூட்டில் வெந்து வருகிற மனுஷன், வீட்டுக்குள் வந்ததும் பல் கூசும்படி சில்லென்று குடிக்க வேண்டாமா? போன கோடையில் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனாள். கடைக்காரர் பிளாஸ்டிக் ஜக்கை எடுத்தார். கீறல் விழும், வாசனை பிடிக்கும் என்று தள்ளினாள். கண்ணாடி ஜாடி, ஈரக்கையில் வழுக்கும். செம்புப் பானையைக் கொஞ்ச நேரம் ஆசையாகத் தடவிப் பார்த்தாள், ஆனால் அதில் ஐஸ் நிற்காது. கடைசியாகக் கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டிரம்மை இறக்கினார். இரட்டைச் சுவர், காலையில் போட்ட ஐஸ் சாயங்காலம்வரை கரையாது, அடியில் திருகுகிற குழாய். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அடியில் அவள் முகம் தெரிந்தது. கடைக்காரர் குழாயைத் திருகிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அது அவள் காதில் ஏறவே இல்லை.

"இவ்வளவு பெரிய வாய் இருந்தா நல்லது, கை உள்ள போகும்" என்று நாத்தனார்கூட மெச்சிக்கொண்டாள்.

அந்த டிரம் அவருக்கு மட்டும். 'வந்துட்டே இருக்கேன்' என்று அவர் போன் செய்ததும் பரணிலிருந்து இறங்கும். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், அதன்மேல் ஐஸ் கட்டி. அவர் வாசல் ஏறும்போது டம்ளரில் பிடித்து நீட்டிவிட்டு எதிரே நிற்பாள். அவர் ஒரே மூச்சில் குடித்து, "அப்பாடா!" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக வாரக்கணக்கில் காத்திருப்பாள். அவர் கிளம்பிப் போனதும் டிரம்மைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி துடைக்கும் துணியால் ஈரம் போகத் துடைத்து, மூடியை இறுக்கி, பழைய போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவாள். அடுத்த முறை அவர் வரும்வரை அதை யாரும் தொடக்கூடாது. அவளே ஒரு வாய் குடித்ததில்லை.

அந்தக் கோடையிலிருந்துதான் அவருக்கு வயிறு படுத்த ஆரம்பித்தது. வேடிக்கை என்னவென்றால், ரோட்டில் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. பெட்ரோல் பங்க் குழாயில் வாய் வைத்துக் குடிப்பவர், ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கேனிலிருந்தும் குடிப்பவர். அப்போதெல்லாம் கல்லுமாதிரி இருப்பார். வீட்டுக்கு வந்த மறுநாள் படுத்துவிடுவார். கிளம்பிப் போய் இரண்டு நாளில் சரியாகிவிடும். டாக்டர் மாத்திரை கொடுத்து, "வெளித் தண்ணியக் குடிக்காதீங்க, வீட்டுத் தண்ணி மட்டும் குடிங்க" என்றார். பளிச்சக்கா அதைச் சிரமேற்கொண்டு, வீட்டில் இருக்கிற நாளெல்லாம் டம்ளர் டம்ளராகக் கொடுத்தாள்.

அன்று காலை அவர் போன பிறகு தையல் மெஷினை நிறுத்திவிட்டு நாத்தனார் வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ஏம்மா, நான் சொல்றேன்னு தப்பா நெனக்காத. வீட்டுக்கு வந்தா வயித்த வலி, வெளிய போனா ஜம்முனு இருக்கான். அங்க யாராவது ஆக்கிப் போடுறாளோ?"

பளிச்சக்காவுக்குப் பகீர் என்றது. இந்த நினைப்பு அவளுக்கும் வந்து, அதை அவள் உள்ளேயே அமுக்கி வைத்திருந்தாள். இன்னொருத்தி வாயிலிருந்து கேட்டதும் அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது.

"வாய மூடுங்கக்கா."

"நான் மூடிக்கிறேன். ஊர் மூடுமா?"

அழுதுகொண்டே தண்ணீர் மொண்டு குடிக்கப் போனால் பானையின் அடியில் விரிசல்; சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீர் ஓடிக் கிடந்தது. குளிர்ப்பெட்டியில் பாட்டில் எதுவும் இல்லை, எல்லா இடத்திலும் அவருக்காக உறையவைத்த ஐஸ் தட்டுகள். நாத்தனார் பக்கத்து வீட்டில் சொம்பு நீட்டப் போனாள். பளிச்சக்கா டிரம்மைப் பார்த்தாள். போகிறவர் போகிறார், இனி யாருக்காக இதைப் பொத்திப் பொத்தி வைப்பது? வீம்புக்கென்று குழாயைத் திருகி ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். அழுது அழுது மூக்கு அடைத்திருந்ததால் சில்லென்று இருந்தது தவிர வேறொன்றும் தெரியவில்லை.

கடையில் மத்தியானத்துக்கு மேல் ஆரம்பித்தது. ஒரு பெரியவருக்குக் கண்ணாடியை நீட்டிக்கொண்டிருந்தவள், அதை அப்படியே மேசையில் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். திரும்பி வந்தாள், மறுபடி ஓடினாள். வயிற்றுக்குள் யாரோ துணி பிழிவது போல இருந்தது. கடை முதலாளியம்மா அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தாள்.

வீட்டில் சுருண்டு கிடந்தவளுக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொண்டுவந்த நாத்தனார், குனிந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நேத்து என் தம்பியும் இப்பிடித்தான் கெடந்தான். இதே மாதிரி வயித்தப் பிடிச்சுக்கிட்டு. நீ என்னத்தக் குடிச்ச?"

பளிச்சக்கா மெல்லத் தலையைத் திருப்பிச் சமையலறை மேடையில் மினுக்கிக்கொண்டு நின்ற டிரம்மைப் பார்த்தாள்.

"சீ, இருக்காது" என்றாள்.

வயிறு அடங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். டிரம்மில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, விளக்கடியில் சாய்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அப்போதுதான் கை தவறிக் குழாயின் மூக்குக்கு அடியில் விரல் பட்டது. விரல் வழுக்கியது.

கணவரின் டூல்ஸ் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்தாள். உள்ளே கையை விட்டு நட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே குழாயைத் திருகினாள். கழன்று வந்தது. குழாயின் துவாரத்தைக் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பார்த்தவள் "ஐயோ" என்று கத்தினாள். கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும்.

உள்ளே கரும்பச்சையாக, சளி சளியாக, ஊறிப்போன முடிக்கற்றை மாதிரி என்னவோ அடைத்துக்கொண்டிருந்தது. குளத்தின் அடிச்சேறு வீச்சம் குப்பென்று அடித்தது. ரப்பர் வாஷரைக் கழற்றினால் அதன் அடியிலும் கறுப்பு. மூடியைப் புரட்டிக் கத்திமுனையால் ரப்பர் வளையத்தை நெம்பினால், சுற்றிலும் கண்மை தீட்டியது போல ஒரு கோடு. இத்தனையையும் கடந்துதான் ஒவ்வொரு டம்ளர் தண்ணீரும் அவர் வாய்க்குப் போயிருக்கிறது. அவள் டிரம்மைத் துடைத்தாளே தவிர, குழாய்க்குள் நின்ற ஈரத்தை யார் துடைத்தது? மூடி இறுக்கி, போர்வை சுற்றி, அந்த ஈரம் காயாமல் பத்திரமாகப் பரணில் ஏற்றியதும் அவளேதான். மறுமுறை அவர் வரும்வரை அது அங்கே வளர்ந்துகொண்டிருந்தது.

அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலயே... என் கையாலயே குடுத்திருக்கேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எட்டிப் பார்த்த நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா! இன்னொருத்தி இல்ல. இதுதானா!"

பளிச்சக்கா பார்த்த பார்வையில் நாத்தனார் ஒரு அடி பின்வாங்கினாள். தணிந்த குரலில், "இங்க பாரு, இத யாருக்கும் காட்டாத. குப்பைல போட்டுட்டுப் புதுசு ஒண்ணு வாங்கி வச்சிடு. அவன்கிட்ட சொன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். உன் பேரே போயிடும்" என்றாள்.

பெயர் போய்விடும் என்பது உண்மைதான். அந்தப் பெயரைத் தவிர அவளுக்கு வேறென்ன இருக்கிறது? ஆனால் சொல்லாவிட்டால் அவர் நாளைக் காலை முதலாளிக்குப் பதில் சொல்லிவிடுவார். வீடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டே போய்விடுவார். ஒத்துக்கொள்ளாதது வீடு இல்லை, இந்த விரல் நீளக் குழாய்தான். பளிச்சக்கா எழுந்தாள். இருப்பதிலேயே வெள்ளையான தட்டை எடுத்து, குழாயையும் வாஷரையும் வளையத்தையும் கழுவாமல் அப்படியே அதில் வைத்தாள்.

இருட்டுவதற்கு முன்னால் அவர் வந்துவிட்டார். கையில் கிரீஸ் கறை. உட்கார்ந்ததும் தட்டைப் பார்த்தார்.

"என்ன இது, நம்ம வண்டில கழட்டுனதா? இங்க எப்பிடி வந்துச்சு?"

"உங்க டிரம்ல கழட்டுனது."

அவர் எடுத்துப் பார்த்தார்.

"நானும் இன்னைக்கு அந்தத் தண்ணியத்தாங்க குடிச்சேன். உங்களுக்கு வர்றது அப்பிடியே எனக்கும் வந்துச்சு. வீடு இல்லங்க. நான்தான். ஒவ்வொரு தடவையும் நான்தான் உங்களுக்கு..." அதற்கு மேல் முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். சிரிப்பார் என்றுகூட எதிர்பார்த்தாள். அவர் குழாயை மறுபடி தட்டில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "வாசனை வரும்" என்றார்.

"என்னது?"

"அந்தத் தண்ணில. குளத்து வாசனை மாதிரி. ரெண்டாவது தடவ வந்தப்பவே வந்துச்சு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாயைக் கழற்றியபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. "அப்பவே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா 'அப்பாடா'ன்னு குடிச்சீங்க?"

"வயித்துக்கு வர்றது அதுலதான்னு சத்தியமா நெனக்கல. நீ கழுவுன பாத்திரத்துல அழுக்கு இருக்கும்னு எவன் நெனப்பான்? என் மூக்குலதான் கோளாறுன்னு நெனச்சேன்."

"வாசனை வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவர் தலையை நிமிர்த்தினார். "கல்யாணமான புதுசுல டம்ளர்ல முட்டை வாசனை வருதுன்னு ஒரு தடவ சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வீட்டிலிருந்த பாத்திரம் அத்தனையையும் முற்றத்தில் இறக்கிப் போட்டு, விரல் நுனி தோலுரியும்வரை தேய்த்தாள். யாரோடும் பேசவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்தும் எழுந்து வரவில்லை. சாப்பாடு வேண்டாம் என்று மறுத்து, ரத்தம் கசிந்த விரலோடு படுத்துக்கொண்டாள். மகளிடம் இதை ஒரு வீரக்கதை போலப் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே உன்கிட்ட எதையும் குறை சொல்லக்கூடாதுன்னு."

"ஊர் விட்டு ஊர் போகத் துணிஞ்சீங்க. தண்ணி நாறுதுன்னு சொல்லத் துணியலயா?"

"துறைமுகம் தூரந்தான்" என்றார் அவர். "ஆனா அங்க நாறுனா நாறுதுன்னு சொல்லலாம்ல."

உள் அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. பளிச்சக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். மீசையில் இவ்வளவு நரை எப்போது ஏறியது? வாசலில் டம்ளரை நீட்டிவிட்டு எதிரே நின்றபோதெல்லாம் அவள் டம்ளரைத்தான் பார்த்திருக்கிறாள். குடிக்கும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டதை ஒருநாளும் பார்க்கவில்லை.

அன்று இரவே இருவரும் வேலையில் இறங்கினார்கள். கொதிக்கிற தண்ணீரில் சமையல் சோடா போட்டுக் குழாயை ஊறவைத்தாள். அவர் வந்து குழாயின் திருகை இன்னும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். அப்படிப் பிரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் காது குடையும் பஞ்சுக்குச்சியாலும் துவாரம் துவாரமாகத் தேய்த்து, வினிகர் விட்டு அலசினாள். வாஷரையும் வளையத்தையும் தூக்கிப் போட்டுவிட்டார். அவர் பெட்டியில் அதே அளவில் புதுசு இருந்தது. எல்லாவற்றையும் தனித்தனியாகத் துணியில் பரப்பி, டிரம்மை மூடாமல் கவிழ்த்துவைத்தார்கள். போர்வையைத் தொடவில்லை.

காலையில் காய்ந்ததை எல்லாம் அவரே பூட்டிக் கொடுத்தார். அவள் தண்ணீர் ஊற்றி ஐஸ் போட்டு, டம்ளரில் பிடித்து நீட்டினாள். வழக்கம்போல எதிரே நின்றாள். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவள் கண்ணெதிரிலேயே மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். கதவோரம் நின்ற நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க."

"லேசா வினிகர் வாசனை வருது."

அவளுக்குச் சுரீர் என்றது. முகம் சிவந்து, விரல்கள் தாமாகவே முந்தானையைக் கசக்கின. இத்தனை தேய்த்தும் இன்னும் வாசனையா? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் டம்ளரைப் பிடித்தபடி அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோன பார்வை. ஊரெல்லாம் லாரி ஓட்டுகிற மனுஷன், ஒரு டம்ளருக்காக அப்படிப் பயந்து நின்றார்.

"குடுங்க, இன்னொரு தரம் அலசிட்டு வர்றேன்" என்று கைநீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

அவள் குழாயடியில் டிரம்மைச் சாய்த்து அலசிக்கொண்டிருந்தபோது, பின்னால் அவர் போனில் பேசுவது கேட்டது. "முதலாளி, அந்தத் துறைமுக வண்டிக்கு வேற ஆளப் பாத்துக்கங்க." தண்ணீரைத் திறந்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து அலசினாள்.